நானூறாவது மீட்டரில் பலவேசம்

வண்டி ஏன் நின்னுட்டுன்னு எட்டி எட்டிப் பாக்காதீங்க அண்ணாச்சி. பஞ்சரும் இல்ல, மறியலும் இல்ல. குவாரியில வெடி வைக்கப் போறாங்க. மணி பன்னெண்டு ஆச்சுன்னா இந்த ரோட்டுல தினமும் இதுதான் கூத்து. மூணு தடவை சங்கு ஊதுவாங்க. மொதச் சங்குக்கு ஆளுங்க ஒதுங்கணும். ரெண்டாவது சங்குன்னா எல்லாம் தயார்னு அர்த்தம். மூணாவது சங்கு ஓய்ஞ்ச உடனே வெடி. இப்ப ஊதுனது மொதச் சங்கு. இன்னும் கால் மணி நேரம் கிடக்கு, காலை நீட்டி உக்காருங்க.

வெளியூரா? நினைச்சேன். உள்ளூர்க்காரன்னா கண்டக்டர் சொல்லுததுக்கு முன்னாலயே ஷட்டரை இறக்கியிருப்பான். அந்தா எல்லாரும் இறக்குதாங்க பாருங்க, பயந்தாங்கொள்ளிங்க. டிரைவர் இறங்கிப் போயி பாலத்துக்கு அடியில பீடி பத்த வச்சுட்டாரு. நீங்க திறந்தே வைங்க, காத்து வரட்டும். இங்கன கல்லு வராது. வராதுன்னு நான் சொல்லுதேன். ஏன்னா அந்தக் கணக்கைப் போட்டவனே நான்தான்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். நமக்கு முன்னால ரோட்டுல குறுக்க வெள்ளையில ஒரு கோடு தெரியுதா? அது மேல ஒருத்தர் சிவப்புக் கொடி பிடிச்சு நிக்காரே, அவரு பேரு பலவேசம். அந்தக் கோடு வெடி வைக்கிற இடத்துல இருந்து சரியா நானூறு மீட்டர். அந்த நானூறு, என் நானூறு. நான் ஆவுடையப்பன், பக்கத்து ஊர்ல மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். என் பாடத்துல பெயிலுன்னு ஒரு பிள்ளை கிடையாது. யார்ட்ட வேணாலும் கேளுங்க.

மூணு வருஷத்துக்கு முந்தி கொடி இங்கன நிக்காது. பின்னால வளைவு ஒண்ணு வந்துதுல்லா, அங்கன, அறுநூறு மீட்டர் தள்ளி நிக்கும். குவாரிக்காரங்களுக்கு அது பெரிய தலைவலி. எடை மேடையும் டீக்கடையும் நடுவுல மாட்டிக்கிடும். தினமும் வெடி நேரத்துல எல்லாரையும் கிளப்பி விடணும். லாரிக்காரன் ஏசுவான், டீக்கடைக்காரன் அழுவான். மேனேஜர் ஞானதுரை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாரு. "சார், கல்லு மிஞ்சி மிஞ்சிப் போனா எவ்வளவு தூரம் பறக்கும்? கணக்குல சொல்ல முடியுமா?"ன்னு கேட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. அத்தனை வருஷமா போர்டுல கல்லு எறிஞ்சுக்கிட்டே இருந்தவன் நான். ஒருநாளாவது நெசக் கல்லைப் பத்தி ஒரு மனுசன் எங்கிட்ட கேட்டது உண்டா?

முடியும்னேன். ஏன் முடியாது?

கல்லு எவ்வளவு வேகத்துல கிளம்புதுன்னு தெரியணும். அதை எப்படிப் பிடிச்சேன்னு கேளுங்க. வெடி வைக்கும்போது ஒண்ணு ரெண்டு கல்லு நெட்டுக்குத்தலா மேல போயி, அதே தட்டுல திரும்ப வந்து விழும். தட்டுன்னா மலையில படி மாதிரி வெட்டி வச்சிருப்பாங்களே, அது. இந்தப் பலவேசம் அப்ப குவாரியில கல்லு உடைக்கிற ஆளு. அவருகிட்ட போன்ல நேரம் பாக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் மறைவுல உக்காந்து பாத்துட்டு வந்து சொன்னாரு: "பன்னெண்டு செகண்டு சார். அதுக்கு மேல எந்தக் கல்லும் தங்கல." பன்னெண்டுல பாதி ஆறு. ஜீயை, அதான் புவியீர்ப்பை, பத்துன்னு வச்சுக்கிட்டா ஆறு பத்து அறுபது. செகண்டுக்கு அறுபது மீட்டர் வேகம். அதை நாப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு விட்டா எங்க போயி விழும்? யூ ஸ்கொயர் பை ஜீ. அறுபது அறுபது மூவாயிரத்து அறுநூறு, பத்தால வகுத்தா முன்னூத்தி அறுபது. முடிஞ்சுது சோலி. கேலண்டர் தாளைக் கிழிச்சு அதுக்குப் பின்னால மூணே வரியில போட்டுக் குடுத்தேன். அது போக நாப்பது மீட்டர் கூடக் குடுத்தேன், ஒரு மரியாதைக்கு.

நாலே நாள்ல வெள்ளைக் கோடு போட்டுட்டாங்க. ஆண்டு விழாவுல எனக்குச் சால்வை. மேனேஜர் மைக்கைப் பிடிச்சு, எங்க குவாரிக்கு எல்லை வகுத்தவர் ஆவுடையப்பன் சார்னு பேசுனாரு. என் வீட்டம்மா முன் வரிசையில உக்காந்திருந்தா. பலவேசத்துக்கும் ஒரு நல்லது நடந்துது. கல் தூசியில நெஞ்சு கெட்டுப் போயி இருமிக்கிட்டே கிடந்தாரு மனுசன். கொடி பிடிக்கிற வேலையை அவருக்குக் குடுங்கன்னு நான்தான் ஞானதுரைகிட்ட சொல்லி வாங்கிக் குடுத்தேன். இன்னைக்கும் என்னைப் பாத்தா துண்டைத் தோள்ல இருந்து எடுத்துருவாரு.

என்ன கேக்கீங்க? வெடி மேல வைக்காங்க, ரோடு கீழ கிடக்கேன்னா?

ஆமா. தட்டு ரோட்டுல இருந்து எண்பது மீட்டர் உசரம். அதுக்கென்ன? அந்த பார்முலாவுல உசரம்னு ஒரு எழுத்தே கிடையாதே அண்ணாச்சி. யூ இருக்கு, தீட்டா இருக்கு, ஜீ இருக்கு. இல்லாததை நான் எங்க கொண்டு போடுவேன்?

உங்களுக்குப் புரியும்படியா சொல்லுதேன். எறிபொருள்ல கணக்கு மூணு தினுசு. தரையில இருந்து சாய்ச்சு எறிஞ்சு தரையிலயே விழுதது, அது பரீட்சைக்கு வரும். மேல இருந்து படுக்கை வசத்துல எறியுதது, அதுவும் வரும். மேல இருந்து சாய்ச்சு எறிஞ்சு கீழ விழுதது இருக்கு பாருங்க, அது ரெண்டுங்கெட்டான். இருபத்திரெண்டு வருஷத்துல ஒருதடவை கூட பப்ளிக்ல வந்தது கிடையாது. வருஷா வருஷம் மொத வேலையா அந்தக் கணக்கைப் பிள்ளைங்க புஸ்தகத்துல சிவப்பு மையால அடிக்கச் சொல்லிருவேன். பாறை உச்சியில இருந்து எறிஞ்ச கல், அடி. கோபுரத்துல இருந்து சாய்வா வீசுன பந்து, அடி. வேண்டாததைச் சுமந்துக்கிட்டுத் திரியக் கூடாது. எங்கிட்டப் படிச்சு நூத்துக்கு நூறு வாங்குன பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு நினைக்கீங்க? அத்தனையும் இப்படி அடிச்சு அடிச்சு வந்த நூறுதான். அந்தக் கணக்கு வராது. வராததை நான் நினைக்கதே இல்ல.

அங்கனதான் ஒருத்தி வந்து சேந்தா.

பிரம்மசக்தி. பதினொண்ணாங் கிளாஸ். இந்தப் பலவேசத்துக்கு ஒரே மக. தாய் இல்லாத பிள்ளை, அப்பனுக்குச் சோறு பொங்கி வச்சுட்டுப் பள்ளிக்கூடம் வருவா. கெட்டிக்காரிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அடின்னா அடிக்க மாட்டா. கார்த்திகை மாசம் ஒருநாள், கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போன பொறவு அரைத்தாளைக் கொண்டாந்து மேசையில வச்சா. "சார், நீங்க அடிக்கச் சொன்ன கணக்கைப் போட்டுப் பாத்தேன். எங்க அப்பா நிக்கிற இடத்துக்குப் போட்டேன்"னா. இங்க உள்ள நிலவரம் எல்லாமே அதுல இருக்கு. என் அறுபது, என் பத்து, அதோட எண்பது மீட்டர் உசரம். அடியில ரெண்டு கோடு கிழிச்சு விடை எழுதியிருக்கா: நானூத்தி முப்பத்திமூணு.

நான் என்ன செஞ்சிருக்கணும்னு நினைக்கீங்க? பாடத்திட்டத்தில் இல்லைன்னு சிவப்புல எழுதிக் கையில குடுத்தேன்.

அவ போகல. "சார், கோட்டைத் தாண்டி முப்பத்திமூணு மீட்டர் வருது சார். அப்பாவும் அதுக்குள்ளதான் நிக்காங்க, வரிசையில மொதல்ல வார பஸ்ஸும் அதுக்குள்ளதான் நிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கொடியைப் பின்னால மாத்திருவாங்க"ன்னா. காத்து தடுக்கும்லா, அவ்வளவு தூரம் வராதுன்னேன். காத்துத் தடையைப் புறக்கணிக்கன்னு நீங்கதான சார் எல்லாக் கணக்குலயும் எழுதச் சொல்லுவீங்கன்னு கேக்கா! எனக்கு வந்துது பாருங்க கோவம். ப்ராக்டிகல் மார்க் என் கையிலதாம்மா இருக்கு, ஞாபகம் வச்சுக்கோன்னேன். மிரட்டுனேன்னு எடுத்துக்கிடாதீங்க. உள்ளதைத்தான் சொன்னேன்.

இதைக் கேட்டுப் பலவேசம் மறுநாளே மகளை இழுத்துக்கிட்டு ஓடி வந்துட்டாரு. ஆபீஸ் ரூம் வாசல்ல வச்சு, எல்லா வாத்தியார்மாரும் பாக்க, "சார் கணக்குல தப்புக் கண்டுபிடிக்க நீ யாரு? மன்னிப்புக் கேளு"ன்னு நிக்காரு. அவ கேட்டா. தலையைக் குனியாமக் கேட்டா. கேட்டுட்டு, "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு எங்க அப்பா பக்கத்துல வந்து நிப்பீங்களா சார்?"ன்னா. அப்பன் ஓங்கி ஒண்ணு வச்சாரு. விடுங்க பலவேசம், சின்னப் பிள்ளைன்னு நான்தான் கையைப் பிடிச்சேன்.

நான் போயி நிக்கல. எனக்கு வேற சோலி இல்லையா?

நடுவுல ஒண்ணு ரெண்டு நடந்துது. எடை மேடையில ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒருநாள் ஓட்டை. தேங்கா அளவுக்கு. குரங்கு குதிச்சிருக்கும்னேன். இந்தப் பக்கம் குரங்கு உண்டான்னு கேக்காதீங்க, எங்கிருந்தாவது வந்திருக்கும். பொறவு கோட்டுக்கு இந்தப் பக்கம், இப்ப நம்ம டயர் நிக்கிற இடத்துக்கிட்ட, ரோட்டுல ஒரு கல்லு பதிஞ்சு கிடந்துது. லாரியில இருந்து விழுந்திருக்கும்னேன். பலவேசமும் அதைத்தான் எல்லார்ட்டயும் சொன்னாரு. சார் சொல்லிட்டாங்க, லாரிக் கல்லுதான்னு.

மேனேஜர் நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. போன வாரம் எனக்கு போன் போட்டாரு. "சார், அந்தப் பிள்ளை எங்க ஆபீஸுக்கும் வந்து தாளைக் குடுத்துட்டுப் போயிருக்கு. எனக்கு இதெல்லாம் புரியாது. கொடியைப் பழையபடி வளைவுக்கே மாத்தணும்னா மாத்திருதேன். மேல முதலாளிக்குக் காரணம் சொல்லணும்லா? முந்துன கணக்கு தப்பு, ஆவுடையப்பன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே மாத்திருதோம்"னாரு. பாத்துச் சொல்லுதேன்னு வச்சுட்டேன்.

ஒரு வரிதான். உங்களுக்குச் சுளுவா இருக்கும். இருபத்திரெண்டு வருஷம் அண்ணாச்சி! தப்புன்னு என் கையால எழுதுனா அந்தத் தாளு ஊர் பூரா சுத்தாதா? எந்தப் பிள்ளை நாளைக்கு என் முன்னால வாயைப் பொத்தி உக்காரும்? பதினொண்ணாங் கிளாஸ் படிக்கிறவ சொல்லித்தான் வாத்தியாருக்குத் தெரிஞ்சுதுன்னு பேசுவாங்களா மாட்டாங்களா?

அந்தா, ரெண்டாவது சங்கு. கேட்டுதா? இன்னும் அஞ்சு நிமிஷம். பயப்படாதீங்க.

ஏன் அப்படிப் பாக்கீங்க? ஷட்டரை இறக்கணும்னா இறக்கிக்கிடுங்க, நான் வேண்டாங்கல. வேணும்னா டிரைவர் பக்கத்துல போயி பாலத்துக்குக் கீழ நின்னுக்கிடுங்க. நான் இங்கனயே இருப்பேன். நான் எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? பலவேசம் பாத்துக்கிட்டுல்லா இருக்காரு.

ஒரு மாசமா நான் இந்த வண்டியில வாரது இல்ல. தென்காசியில சோலின்னா லீவு நாள்ல காலையில எட்டு மணி வண்டிக்குப் போயிட்டு சாயந்தரம் திரும்பிருவேன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எட்டு மணி வண்டியில கூட்டம் இருக்காது, அதான். இன்னைக்கு மாவட்டக் கல்வி ஆபீஸ்ல திடீர்னு மீட்டிங்குன்னு சொல்லிட்டாங்க. அதனால இதுல ஏற வேண்டியதாப் போச்சு. ஏறும்போதே கண்டக்டர் சொன்னான், நாளையில இருந்து பொங்கல் லீவு, அதனால போட்டு வச்ச குழியெல்லாம் இன்னைக்கே வெடிக்காங்க சார், ரெண்டு மடங்கு மருந்துன்னு. மருந்து வச்ச குழியை லீவுல அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாதாம். அது நியாயந்தான்.

ரெண்டு மடங்குன்னா வேகம் எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது. அறுபதுல நிக்குமா? நிக்காதா? ஒவ்வொரு குழியும் தனித்தனியா வெடிச்சா அதே அறுபதுதான். அப்படித்தான் இருக்கும்.

உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க தென்காசியில இறங்கிப் போயிருவீங்க. அவ குடுத்த அன்னைக்கே வீட்டுல உக்காந்து நானும் போட்டுப் பாத்தேன். கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டேன். நானூத்தி முப்பத்திமூணு. மறுபடி வேற வழியில போட்டேன், ஒவ்வொரு கோணமா வச்சுப் போட்டேன். மிஞ்சிப் போனா அதேதான் வருது சவம். அந்தப் பிள்ளை ரெண்டே படியில முடிச்சிருந்தா, எனக்கு ஒரு பக்கம் ஆச்சு. தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். பயந்து போயிட்டேன்னே வச்சுக்கிடுங்களேன். அன்னையில இருந்து மணி பன்னெண்டு ஆனா, கிளாஸ்ல பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே நின்னுருவேன். வெடிச் சத்தம் வரும். அதுக்குப் பொறவு ஜன்னல் வழியா ரோட்டைப் பாப்பேன், யாராவது ஓடி வாராங்களான்னு. அவளும் அதே நேரத்துக்குப் புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அதே ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட மாட்டோம்.

என்ன? அவரைக் கூப்பிடுன்னா சொல்லுதீங்க?

கூப்பிடலாம்தான். கூப்பிடுதூரம்தான். என்னன்னு சொல்லிக் கூப்பிடுதது?

சரி, இருங்க. பலவேசம்! ஏ பலவேசம்! இங்கன ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. ஒண்ணுமில்ல, சும்மாதான். வெயில்ல நிக்கீங்களே, வண்டிக்குள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க. குளுந்த தண்ணி இருக்கு. அட வாங்கன்னா!

துண்டை எடுத்துட்டாரு பாருங்க.

கேட்டுதா என்ன சொல்லுதாருன்னு? "வெடி முடியட்டும் சார், பொறவு வாரேன். கோட்டை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க"ங்காரு. சிரிக்காரு வேற. வண்டியில இருக்கவங்க பயப்படக் கூடாதுன்னு கையைக் காட்டுதாரு. "யாரும் பயப்படாதீங்க, சார் போட்ட கோடு இது, இதைத் தாண்டி ஒரு கல்லு வராது." எல்லாருக்கும் கேக்கும்படியா சொல்லுதாரு மனுசன். இப்ப மலைக்கு முதுகைக் காட்டி நின்னுட்டாரு. வண்டியைப் பாத்துத்தான நிக்கணும், கொடி நமக்குத்தான.

நீங்க கூப்பிடுங்களேன் அண்ணாச்சி. நீங்க வெளியூர். நீங்க சொன்னா ஒண்ணும் நினைக்க மாட்டாரு. யாருக்கோ மயக்கம், வந்து ஒரு கை பிடிங்கன்னு சொல்லுங்க. என்ன வேணாலும் சொல்லுங்க. கணக்கு தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. சீக்கிரம். எந்திரிங்க, எந்திரிச்சு வாசப்படிக்குப் போங்க. என்னால எந்திரிக்க முடியல, நெசமாவே முடியல. கத்துங்க அண்ணாச்சி.

அந்தா ஊதிட்டான்.